காலியான படைவீரர் மருத்துவமனை: பூட்டுவதா, புதுப்பிப்பதா, இடிப்பதா?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை வளாகம் ஒன்று காலியானால், அதை வைத்துச் செய்யக்கூடியவை மூன்று. கட்டடங்களை முறையாகப் பூட்டிப் பாதுகாத்து வைக்கலாம். நீண்ட காலக் குத்தகைக்கு விட்டு வீடுகளாக மாற்றலாம். இடித்துவிட்டு நிலத்தை வேறு வேலைக்குக் கொடுக்கலாம். இவற்றோடு ‘இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்’ என்று இன்னொன்றும் உண்டு. பெரும்பாலும் நடப்பது அதுதான். எந்தக் கோப்பிலும் அதை ஒரு முடிவாக எழுதுவதில்லை, ஆனால் அதற்கு ஆகும் செலவு மற்ற மூன்றையும் மிஞ்சிவிடும்.

இந்த வளாகங்களைப் பற்றி இரண்டு விஷயங்களில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. முதலாவது, வளாகம் முழுவதற்கும் ஒரே முடிவு பொருந்தாது. கட்டடம் கட்டடமாகத்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது, கூரை நன்றாக இருக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். கூரை போன பிறகு நகர மன்றம் எத்தனை கூட்டம் போட்டாலும், மழை ஏற்கெனவே முடிவெடுத்திருக்கும்.

கட்டடங்களின் வயது

இந்த வளாகங்களின் கதை 1865 மார்ச் 3-இல் தொடங்குகிறது. உள்நாட்டுப் போரில் உடல் ஊனமுற்ற வீரர்களுக்கான தேசிய இல்லம் அமைக்கும் சட்டத்தில் அன்றுதான் லிங்கன் கையெழுத்திட்டார். விஸ்கான்சின் மாநிலம் மில்வாக்கியில் மகளிர் சங்கம் ஒன்று அதே ஆண்டு கோடையில் பெரிய சந்தை நடத்தி ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அந்தப் பணமும் ஒரு காரணமாக, தேசிய இல்லத்தின் கிளை ஒன்று அந்த ஊருக்கு வந்தது. கட்டடக் கலைஞர் எட்வர்ட் டவுன்சென்ட் மிக்ஸ் வடிவமைத்த ‘ஓல்ட் மெயின்’ என்ற கோபுரக் கட்டடம் 1869-இல் திறக்கப்பட்டது. மேய்ன் மாநிலத்து டோகஸ், ஓஹையோவின் டேட்டன், கான்சாஸின் லெவன்வொர்த், தெற்கு டக்கோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று இந்த இல்லங்கள் பெருகின. 1930-இல் எல்லாம் படைவீரர் நிர்வாகத்தின் (இன்றைய படைவீரர் துறை) கீழ் ஒன்று சேர்ந்தன.

எனவே ஒரே வளாகத்துக்குள் மூன்று தலைமுறைக் கட்டடங்கள் இருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் செங்கல், சுண்ணாம்புச் சாந்துக் கட்டடங்கள் முதல் வகை. 1920-களிலிருந்து 40-கள் வரை ஏறத்தாழ ஒரே அச்சில் கட்டிய நீளமான, ஒடுக்கமான வார்டுகள் இரண்டாவது. 1950, 60-களின் பல மாடி மருத்துவமனைத் தொகுதிகள் மூன்றாவது.

வீடாக மாற்ற நினைப்பவர் முதலில் அளக்க வேண்டியது கட்டடத்தின் அகலத்தை. நடுவில் நடைபாதையும் இருபுறமும் அறைகளுமாக 11 முதல் 15 மீட்டர் அகலம் இருந்தால் ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் கிடைக்கும். பழைய வார்டுகள் பலவும் இந்த அளவுக்குள் வரும், ஏனென்றால் அவை மின்விளக்கையும் குளிர்சாதனத்தையும் நம்பாமல் வெளிச்சத்தையும் காற்றையும் நம்பிக் கட்டப்பட்டவை. படுக்கையைத் தள்ளிக்கொண்டு போக வைத்த அகலக் கதவுகள் இன்று சக்கர நாற்காலிக்கு அப்படியே உதவுகின்றன. 1960-களின் தொகுதி வேறு மாதிரி: நடுவில் ஜன்னலே இல்லாத அறுவை அரங்கு, எக்ஸ்ரே அறை, கிடங்கு. அதை வீடாக்கப் போனால் நடுப்பகுதி முழுக்க இருட்டாகக் கிடந்து வீணாகும். இந்த ஓர் அளவை மட்டும் எடுத்தாலே, எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்பது பாதி தெளிந்துவிடும்.

பூட்டிவைப்பது

பூட்டிவைப்பது என்றால் கதவுக்குப் பூட்டுப் போடுவது என்றே பலர் நினைக்கிறார்கள். முறையாகச் செய்தால் அது தனியான ஒரு கட்டுமானப் பணி. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை இதற்கென்றே ஒரு தொழில்நுட்பக் கையேடு வெளியிட்டிருக்கிறது. ஆவணப்படுத்துவது, உறுதிப்படுத்துவது, மூடுவது என்ற மூன்று கட்டங்களாக அது விரிகிறது. சுமாரான புதுப்பிப்புக்கு ஆகும் தொகையில் பத்து சதவீதமோ அதற்கு மேலுமோ இதற்கு ஆகலாம் என்றும், பத்து ஆண்டு வரை இப்படிக் காக்கலாம் என்றும் அது கணக்குச் சொல்கிறது. அதற்குள் அடுத்த பயன்பாடு முடிவாகிவிட வேண்டும்.

பிசகு பெரும்பாலும் முதல் குளிர்காலத்திலேயே தொடங்குகிறது. இந்த வளாகங்களில் கட்டடத்துக்கு ஒரு பாய்லர் கிடையாது. ஒரே கொதிகலன் மனையிலிருந்து நிலத்தடிச் சுரங்கம் வழியாக எல்லாக் கட்டடங்களுக்கும் நீராவி போகும். நோயாளிகள் போன மறுமாதமே செலவு மிச்சம் என்று நீராவியை நிறுத்துகிறார்கள். குழாயில் நின்ற தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கிறது. வசந்தத்தில் அது உருகி மூன்று மாடி வழியாக இறங்குகிறது. சுவர்ப்பூச்சு ஊறி விழுகிறது. பழைய ஈய வண்ணம் செதில் செதிலாக உரிந்து தரையில் சேர்கிறது. அதோடு அந்தக் குப்பை சாதாரணக் குப்பையாக இல்லாமல் அபாயக் கழிவாகிவிடுகிறது. இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியது எளிது: நீராவியை நிறுத்தும் முன்பே எல்லாக் குழாய்களையும் வடித்துவிட வேண்டும், கழிவுநீர் வளைவுகளில் உறையாத திரவம் ஊற்ற வேண்டும், தீயணைப்புத் தெளிப்பான் வேண்டுமென்றால் அதை, குழாயில் தண்ணீர் நிற்காத உலர் முறைக்கு மாற்ற வேண்டும். வசதி இருந்தால் உள்ளே 7 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொஞ்சம் சூடு வைத்திருப்பது இன்னும் நல்லது.

அடுத்தது கூரை. சரிவுக் கூரையில் சிலேட் ஓடு நூறாண்டு தாங்கும். அதைப் பிடித்திருக்கும் ஆணியும், கூரையும் சுவரும் சேரும் இடத்துத் தகடும் அவ்வளவு காலம் தாங்காது. தட்டைக் கூரையில் ஆபத்து வேறு. அங்கே மழைநீர் கட்டடத்துக்கு நடுவே செல்லும் உள்குழாய் வழியாக இறங்கும். குழாயின் வாய் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. இலையுதிர் காலத்தில் இரண்டு கைப்பிடி இலை போதும், அது அடைத்துக்கொள்ளும். 1,000 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் தண்ணீர் தேங்கினால் அதன் எடை 25 டன். அந்தப் பாரத்தில் கூரை கொஞ்சம் தொய்கிறது, தொய்ந்த இடத்தில் இன்னும் தண்ணீர் சேர்கிறது, அது மேலும் தொய்கிறது. ஏணி வைத்து ஏறி அந்த இலையை எடுக்க ஓர் ஆள், ஆண்டுக்கு நான்கு முறையும் பெருமழைக்குப் பின் ஒவ்வொரு முறையும், இவ்வளவுதான் தேவை. ஆள் இல்லாத வளாகத்தில் இந்த வேலை எவர் பெயரிலும் இருப்பதில்லை.

மூன்றாவது, காற்று. ஜன்னல்களைப் பிளைவுட்டால் இறுக அடைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். உள்ளே ஈரம் போக வழியில்லை. ஒரே கோடையில் பூஞ்சை பிடித்துவிடும். கீழ்த்தளத்துப் பலகைகளிலும் மேல்மாடிப் பலகைகளிலும் காற்று போய்வரும் திறப்புச் சட்டம் வைக்க வேண்டும், கீழே நுழையும் காற்று மேலே வெளியேற வேண்டும். மணிக்கு ஒரு முறையாவது உட்காற்று மாற வேண்டும், கோடையில் அதைவிடக் கூடுதலாக. பலகையை ஜன்னல் சட்டத்தில் திருகாணி போட்டு முடுக்கக் கூடாது. உட்புறம் குறுக்கே ஒரு கட்டை வைத்து, நீளமான போல்ட்டால் பலகையையும் கட்டையையும் சேர்த்து இறுக்க வேண்டும். பழைய ஜன்னல் சட்டம் காயமில்லாமல் இருந்தால்தான் பின்னால் அதைப் பழுதுபார்த்து வைக்க முடியும். வரலாற்றுக் கட்டடத்துக்கான வரிச்சலுகைக்கான ஆய்வில் அந்தச் சட்டம் கட்டடத்தின் அசல் பாகமாகக் கணக்கில் வரும்.

இதெல்லாம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மில்வாக்கியே சாட்சி. ஓல்ட் மெயின் 1989-இல் காலியானது. 2010-இல் அதன் கூரையின் ஒரு பகுதி சரிந்தது. 21 ஆண்டுகளில் அதை இடிக்க யாரும் முடிவெடுக்கவில்லை. அடுத்த ஆண்டு, அதாவது 2011-இல், நாட்டிலேயே மிக ஆபத்தில் இருக்கும் 11 வரலாற்று இடங்களின் பட்டியலில் அது சேர்ந்தது. அதே ஆண்டு வளாகத்துக்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியும் கிடைத்தது. அந்தத் தகுதி கூரை நன்றாக இருக்கும்போதே வந்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வீடாக்குவது

ஆனாலும் ஓல்ட் மெயின் பிழைத்தது. படைவீரர் துறை நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கட்டடங்களை நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது. விஸ்கான்சினைச் சேர்ந்த அலெக்சாண்டர் கம்பெனியும் மில்வாக்கி நகர வீட்டுவசதி ஆணையமும் சேர்ந்து ஆறு கட்டடங்களைப் புதுப்பித்தன. சுமார் 4.4 கோடி டாலர் செலவு. 2021-இல் 101 வீடுகள் திறக்கப்பட்டன. 80 வீடுகள் ஓல்ட் மெயினில், மீதி பழைய நிர்வாகக் கட்டடத்திலும் சிறு குடியிருப்புகளிலும். வீடில்லாத, அல்லது வீடிழக்கும் நிலையில் இருக்கும் முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பங்களும் அங்கே குடியேறினார்கள். 1865-இல் அந்தப் பெண்கள் எதற்காகப் பணம் திரட்டினார்களோ அதே வேலையை இன்றும் அந்தச் சுவர்கள் செய்கின்றன. இந்த மூன்று வழிகளில் எங்கள் மனம் எதன் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை.

வகுத்துப் பார்த்தால் ஒரு வீட்டுக்குச் சுமார் 4.35 லட்சம் டாலர். வாடகையில் இந்தப் பணம் திரும்பவே திரும்பாது. அதனால் பணம் பல இடங்களிலிருந்து வந்து சேர வேண்டும், ஒவ்வொன்றும் தனி நிபந்தனையோடு வரும்.

முதலில் வரலாற்றுக் கட்டடத்துக்கான கூட்டாட்சி வரிச்சலுகை: தகுதியுள்ள புதுப்பிப்புச் செலவில் 20 சதவீதம், ஐந்து ஆண்டுகளில் பிரித்து. தகுதியுள்ள செலவு 3 கோடி டாலர் என்று வைத்தால் சலுகை 60 லட்சம், ஆண்டுக்கு 12 லட்சம். நிலம், வாகன நிறுத்தம், புதிதாக ஒட்டிக் கட்டும் பகுதி, தளவாடம் எதுவும் இந்தக் கணக்கில் வராது. விஸ்கான்சினில் மாநிலச் சலுகையும் 20 சதவீதம் உண்டு, ஆனால் ஒரு மனைக்கு 35 லட்சம் டாலர்தான் உச்சவரம்பு. அதே 3 கோடிக்கு அங்கேயும் 60 லட்சம் கிடைக்கும் என்று திட்டம் போட்டவருக்கு 25 லட்சம் துண்டு விழும். வளாகம் பத்திரத்தில் ஒரே மனையா, பல மனைகளா என்று வரி அலுவலகத்தில் பார்த்த பிறகே எண்ணை எழுத வேண்டும்.

இரண்டாவது, குறைந்த வருமான வீட்டுவசதிக்கான வரிச்சலுகை. இது பத்து ஆண்டுகளில் கிடைக்கிறது. பதிலுக்கு குறைந்தது 30 ஆண்டு வாடகையையும் குடியிருப்போர் வருமானத்தையும் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, படைவீரர்களுக்கான வாடகை உதவி. குடியிருப்பவர் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் கொடுப்பார், மீதியை உதவித் திட்டம் கொடுக்கும், கூடவே படைவீரர் துறையின் சமூகப் பணியாளர் ஒருவரும் கிடைப்பார். சமூகப் பணியாளரின் சம்பளத்தைக் கட்டுமானக் கடனிலிருந்து கொடுக்க முடியாது. இந்த மூன்றாவது வழி உறுதியாகாமல் முதல் இரண்டையும் வைத்து வேலை தொடங்குவது ஆபத்து.

வருமான வரம்பில் ஒரு பொறி இருக்கிறது. மேற்கு லாஸ் ஏஞ்சலஸ் படைவீரர் வளாகத்தில் சில கட்டடங்களுக்கு மிகக் குறைந்த வருமான வரம்பு வைத்தார்கள். போரில் கடுமையாக ஊனமுற்றவர் வாங்கும் இழப்பீட்டுத் தொகையும் வருமானமாகக் கணக்கிடப்பட்டது. அதனால் எவர் அதிகம் ஊனமுற்றாரோ அவருக்கே வீடு கிடைக்காமல் போனது. 2024-இல் கூட்டாட்சி வீட்டுவசதித் துறை தன் வாடகை உதவித் திட்டத்தில் இந்தக் கணக்கை மாற்றியது. ஆனால் ஒவ்வொரு நிதிக்கும் தனி விதி உண்டு. எல்லாவற்றிலும் இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

வரலாற்றுச் சலுகை கைநழுவுவது பெரும்பாலும் இரண்டு தவறுகளால். ஒன்று, ‘முதலீட்டாளருக்குச் சுத்தமான கூடாகக் கொடுப்போம்’ என்று உள்ளே இருப்பதையெல்லாம் முன்கூட்டியே உடைத்து எடுத்துவிடுவது. மாடிப்படி, நடைபாதை, பெரிய கூடம் ஆகியவைதான் கட்டடத்தின் அடையாளம். வரிச்சலுகை விண்ணப்பத்தில் புதுப்பிப்பு வேலையை விவரிக்கும் இரண்டாம் பகுதிக்கு அனுமதி வந்த பிறகே எதிலும் கை வைக்க வேண்டும். மற்றொன்று இன்னும் மோசமானது. ஒரே உரிமையாளர் கையில் இருக்கும், ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கிய கட்டடங்களை ஒரே திட்டமாகத்தான் தேசியப் பூங்காத் துறை மதிப்பிடுகிறது. ஆறு கட்டடங்களை அருமையாகப் புதுப்பித்துவிட்டு, வரலாற்றுக் கட்டடப் பட்டியலில் இருக்கும் ஏழாவதை இடித்தால், ஆறுக்கும் சலுகை மறுக்கப்படலாம். கட்டடம் கட்டடமாக முடிவெடுக்க வேண்டும் என்றோம்; அந்த முடிவுகளை எல்லாம் ஒரே வரைபடத்தில் குறித்து, மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்திடம் ஆரம்பத்திலேயே காட்டிவிட வேண்டும்.

குத்தகைக் காலமும் முக்கியம். குத்தகைதாரர் வரலாற்றுச் சலுகை பெற, வேலை முடியும்போது குத்தகையில் குடியிருப்புக்கு 27.5 ஆண்டும் மற்றவற்றுக்கு 39 ஆண்டும் மீதம் இருக்க வேண்டும். படைவீரர் துறையின் குத்தகை 75 ஆண்டு வரை போகலாம் என்று இருந்தது, 2022 சட்டம் அதை 99 ஆக்கியது. இதில் சிக்கல் இல்லை. சிக்கல் வேறு இடத்தில்: பொதுக் கொதிகலன் மனையிலிருந்து பிரித்து எடுத்த ஆறு கட்டடங்களுக்கும் தனித் தண்ணீர், தனிக் கழிவுநீர், தனி மின்சாரம், தனி மீட்டர் வேண்டும். குழாய் பக்கத்து நிலத்தைக் கடக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் வழியுரிமைப் பத்திரம் வேண்டும். முதல் மதிப்பீட்டில் இந்தச் செலவு விட்டுப்போவது சாதாரணம்.

இடிப்பது

சில இடங்களில் இடிப்பதுதான் நேர்மையான முடிவு. ஓஹையோ மாநிலம் பிரெக்ஸ்வில்லில் 1961-இல் திறந்த படைவீரர் மருத்துவமனையின் பணிகள் கிளீவ்லாந்து நகரத்து மருத்துவமனைக்கு மாற்றப்பட்டன. 2004-இல் துறை எடுத்த மறுசீரமைப்பு முடிவுகளில் அதுவும் ஒன்று. பின்னர் கட்டடங்கள் அகற்றப்பட்டன, அந்த இடத்தில் ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயின்ட் நிறுவனத்தின் ஆய்வு மையம் எழுந்தது. 1960-களின் அகலமான தொகுதி, தேசிய நெடுஞ்சாலை பக்கத்திலேயே, வாங்கப் பெரிய நிறுவனம் தயார்: மூன்றும் சேர்ந்ததால் அங்கே இடிப்பு பலித்தது. அயோவாவின் நாக்ஸ்வில் போன்ற சிறிய ஊரில் அப்படி ஒருவர் காத்திருக்கவில்லை. அங்கே உள்நோயாளிகள் பிரிவு 2009-இல் மூடப்பட்டது. பின்னர் வளாகம் மாவட்ட நிர்வாகத்தின் கைக்கு வந்து, கட்டடங்கள் அகற்றப்பட்டு, ஊருக்கான நிலமாக மாறியது.

மருத்துவமனையை இடிப்பது பள்ளிக்கூடத்தை இடிப்பது மாதிரி இல்லை. நீராவிக் குழாய் உறையிலும், தரைவில்லையிலும், அதை ஒட்டிய கருப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். இடிப்பதற்குப் பத்து வேலை நாள் முன்பு முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, ஆஸ்பெஸ்டாஸை முதலில் எடுத்த பிறகே இயந்திரம் நுழைய வேண்டும். எக்ஸ்ரே அறைச் சுவருக்குள் ஈயத் தகடு. பல் மருத்துவப் பிரிவிலும் ஆய்வகத்திலும் கழிவு வளைவுகளில் பாதரசம். 1950-லிருந்து 70-கள் வரை கட்டியவற்றில் ஜன்னல் ஓரத்துப் பூச்சில் பிசிபி என்ற நச்சு ரசாயனம். அணு மருத்துவப் பிரிவு இருந்திருந்தால் அதன் உரிமத்தை முறைப்படி முடித்து, கதிர்வீச்சு அளவெடுத்த அறிக்கை வாங்க வேண்டும். புதைத்த எண்ணெய்த் தொட்டிகள், சுரங்கங்கள், அடித்தளங்கள் எல்லாவற்றையும் எந்த ஆழம் வரை எடுப்பது, எதைக் கொண்டு எவ்வளவு இறுக்கி நிரப்புவது என்பதும் டெண்டரிலேயே இருக்க வேண்டும். சுரங்கத்தை அப்படியே விட்டு மேலே மண்ணைத் தள்ளினால், பத்தாண்டு கழித்து யாரோ போட்ட சாலை உள்ளே இறங்கும்.

கடற்கரை அல்லது நகரநடு நிலமாக இருந்தால் விடுதி, கடை, அலுவலகம் என்ற கலப்புப் பயன்பாட்டுக்கும் இடமுண்டு. மிசிசிப்பியின் கல்ஃப்போர்ட்டில் 2005 கத்ரீனா புயலுக்குப் பின் காலியான வளாகம் நகரத்துக்கு மாறி, பழைய கட்டடங்கள் சில விடுதியாகின. சந்தை நிலவரம் நன்றாக இருக்கும் ஊருக்கு மட்டுமே இது பொருந்தும்.

முதலில் பத்திரம்

எந்த வழியானாலும் மூலப் பத்திரத்தைப் படிக்காமல் தொடங்கக் கூடாது. மேற்கு லாஸ் ஏஞ்சலஸ் நிலம் 1888-இல் படைவீரர் இல்லத்துக்கென்றே இரு தனியார் கொடுத்தது. பிற்காலத்தில் அங்கே தனியார் பள்ளிக்கு விளையாட்டுத் திடலும் பல்கலைக்கழகத்துக்குப் பேஸ்பால் மைதானமும் குத்தகைக்குப் போயின. 2011-இல் வழக்கு, 2016-இல் தனிச் சட்டம், 2024-இல் அத்தகைய குத்தகைகளுக்கு எதிராகக் கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பு. தானமாக வந்த நிலத்தை வேறு வேலைக்குக் கொடுத்தால் தலைமுறை கடந்தும் கணக்குக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

துறை நிலத்தையே கைவிட முடிவு செய்தால் வரிசை இது: முதலில் மற்றக் கூட்டாட்சித் துறைகள், பிறகு 1987 சட்டப்படி வீடற்றோருக்கான அமைப்புகள், பிறகு பள்ளி, பூங்கா போன்ற பொதுப் பயன், பிறகு உள்ளூராட்சிக்கு நேரடி விற்பனை, கடைசியில் ஏலம். கூட்டாட்சியின் கையிலிருந்து நிலம் போகும்போதே பாதுகாப்பு நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதிவிட வேண்டும், போன பிறகு 1966-ஆம் ஆண்டின் வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆலோசனைக் கட்டாயம் அந்தக் கட்டடத்தைத் தொடராமல் போகலாம்.

முடிவெடுக்கும் குழுவுக்கு நாங்கள் சொல்லும் வரிசையும் ஒன்று உண்டு. மூடும் தேதி தெரிந்த அன்றே கூரைக்கும் வடிகுழாய்க்கும் ஓர் ஆளை நியமித்து, அந்தச் சம்பளத்துக்கு மூன்று ஆண்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் பத்திரம், ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு, ஒவ்வொரு கட்டடத்தின் அகலமும் கூரை நிலையும் எழுதிய பட்டியல் ஆகியவை மேசைக்கு வர வேண்டும். ஓராண்டுக்குள் ஒவ்வொரு கட்டடத்துக்கு நேராகவும் வீடு, பூட்டு, இடிப்பு என்று ஒன்றை எழுத வேண்டும். ‘பூட்டு’ என்று எழுதியவற்றுக்குப் பக்கத்தில் ஒரு முடிவுத் தேதியும் அதுவரை ஆகும் பராமரிப்புத் தொகையும் இருக்க வேண்டும். தேதி இல்லாத கட்டடத்தைப் பட்டியலில் ஏற்றுக்கொள்ளக் கூடாது.